வாசலில் நிற்பவளுக்கு யார் எழுதிய தீர்ப்பு?

ஒருவர் செய்த குற்றத்துக்காக இன்னொருவரைத் தண்டிக்கக் கூடாது. சட்டம் படிக்காதவர்களும் ஒப்புக்கொள்ளும் அறம் இது. மகன் திருடினான் என்று தாயைச் சிறையில் அடைப்பதில்லை. கணவன் கொலை செய்தான் என்று மனைவிக்குத் தீர்ப்பு எழுதுவதில்லை. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

புழல், வேலூர், திருச்சி, மதுரை என எந்த மத்திய சிறையின் வாசலுக்கும் ஒரு காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். உள்ளே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். வெளியே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாய், மனைவி, அக்கா, இடுப்பில் குழந்தையோடு மகள். கையில் ஒரு பையும் ஆதார் அட்டையின் நகலும் இருக்கும். சிறையில் இருப்பவரைச் சந்திக்கப் போவதை நம் ஊரில் ‘மனு பார்க்கப் போவது’ என்கிறார்கள். சொந்த மகனின் முகத்தைப் பார்ப்பதற்கும் மனு போட வேண்டும். அந்தச் சொல்லுக்குள்ளேயே அவளுடைய நிலை இருக்கிறது. அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் விண்ணப்பதாரராகிவிட்டாள்.

இந்தக் கட்டுரை கேட்க நினைப்பது ஒரே கேள்வியைத்தான். அந்த வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? உள்ளே இருப்பவர் குற்றவாளியா நிரபராதியா என்பதைப் பொறுத்து அந்தக் கடன் கூடுமா, குறையுமா?

முதலில், அவளுக்கு விதிக்கப்பட்டிருப்பது என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். தலித்துகளும் பழங்குடியினரும் இஸ்லாமியரும் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகமாகச் சிறையில் இருக்கிறார்கள் என்பதை அரசின் ஆண்டறிக்கைகளே தொடர்ந்து காட்டுகின்றன. அப்படியானால் அந்த வாசலில் நிற்பவர்களும் பெரும்பாலும் தினக்கூலிக்குப் போகும் வீடுகளின் பெண்கள்தான். ஒரு நாள் மனு பார்க்கப் போனால் அன்றைய கூலி போயிற்று. பேருந்துக் காசு தனி. வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லையென்றால் அன்று அவரை அழைத்து வரவே மாட்டார்கள். போனது வீண். வக்கீலுக்குக் கொடுக்கக் கம்மல் அடகுக்குப் போகும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். பள்ளியில் பிள்ளையிடம், “உங்க அப்பா எங்க?” என்று கேட்பார்கள். வெளியூரில் வேலை என்று சொல்லப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும்.

ஜாமீன் கிடைத்தாலும் முடிவதில்லை. 1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதி ராம் வழக்கை நினைத்துக்கொள்ளலாம். ஏழைக் கொத்தனார் ஒருவரை ஜாமீனில் விட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கீழ் நீதிமன்ற நடுவரோ பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக அவருடைய சகோதரர் கொடுத்த ஜாமீனையும் ஏற்க மறுத்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஏறக்குறைய இதே துயரத்தைத்தான் நீதிபதிகள் முன்னால் பேசினார். அதன் பிறகுதான், ஜாமீன் கிடைத்தும் சிறையிலேயே இருப்பவர்களின் விவரத்தை உச்ச நீதிமன்றம் மாநிலங்களிடம் கேட்டது. 2023 ஜனவரி 31 அன்று சில நெறிமுறைகளையும் வகுத்தது. ஜாமீன் உத்தரவைச் சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாட்களுக்குள் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவை நல்ல விதிகள். ஆனால் ஜாமீன்தாரர் இருவரைத் தேடி, சொந்தக்காரர்களின் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கும் வேலையை எந்த விதியும் செய்யாது. அதைச் செய்பவள் இந்தப் பெண்தான்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று அறியப்படும் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தின்படி ஒருவரை விசாரணையில்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஆட்கொணர்வு மனுக்களைப் புரட்டினால், மனுதாரர் பெயராகப் பெரும்பாலும் தாயின் பெயரோ மனைவியின் பெயரோதான் இருக்கும். ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் அவள். வாழ்நாளில் அவள் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அதுவாக இருக்கலாம். தமிழ்நாட்டில் தனிமனித உரிமை பற்றி எழுதப்பட்ட தீர்ப்புகளில் கணிசமானவை இப்படிப்பட்ட பெண்களின் கைரேகையிலும் கோணல் கையெழுத்திலும் தொடங்கியவை. சட்ட வரலாற்றில் அவர்களுக்கு இடமில்லை.

இந்தப் பெண்களில் நாடறிந்த ஒரு பெயர் அற்புதம்மாள். 1991 ஜூன் 11 அன்று, விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லித் தன் பத்தொன்பது வயது மகன் பேரறிவாளனை அழைத்துச் சென்றதாக அவர் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1998இல் தடா நீதிமன்றம் அந்த வழக்கில் இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் பத்தொன்பது பேரை விடுவித்து, பேரறிவாளன் உள்ளிட்ட நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது. 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாளும் குறிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத் தடையால் நின்றது. 2014இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2017இல்தான் முதன்முறையாகப் பரோல் கிடைத்தது. 2022 மே 18 அன்று, அரசமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. முப்பத்தோர் ஆண்டுகள். ஜோலார்பேட்டையிலிருந்து வேலூருக்கும் சென்னைக்கும் அந்தத் தாய் பயணம் செய்துகொண்டே இருந்தார்.

நாம் அவரை ஏன் ஆதரித்தோம்? பலரும் சொல்லும் பதில், அவர் மகன் நிரபராதி என்பதுதான். ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, பேட்டரி வாங்கியது பற்றிப் பேரறிவாளன் சொன்னதை முழுமையாகப் பதிவு செய்யவில்லை என்று 2013இல் வெளிப்படையாகக் கூறியது அந்த நம்பிக்கையை வலுப்படுத்தியது. அதைச் சொல்லிப் போராடியது நியாயமே. ஆனால் அந்தப் பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. அற்புதம்மாளுக்குப் பக்கத்தில், அதே வரிசையில், அதே வெயிலில் நின்ற இன்னொரு தாயின் மகன் உண்மையிலேயே கொலை செய்தவனாக இருந்தால்? அவளுக்கும் பேருந்துக் காசு அதேதான். அவளையும் வாசலில் ‘ஏம்மா, தள்ளி நில்லு’ என்றுதான் அதட்டுவார்கள். அவள் பேரப்பிள்ளையும் பள்ளியில் அதே கேள்வியைத்தான் சந்திக்கும். மகன் நிரபராதியாக இருந்தால் மட்டும் தாய்க்கு நம் அன்பு என்றால், நாமும் மகனின் குற்றத்தைத் தாயின் தலையில்தான் எழுதுகிறோம். கட்டுரையின் தொடக்கத்தில் நாம் எல்லாரும் ஒப்புக்கொண்ட அறத்தை இங்கேதான் சத்தமில்லாமல் கைவிடுகிறோம்.

தமிழில் இதைப் பற்றி யோசிக்க நமக்கு ஒரு பழைய துணை உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்று ஒரு காதை இருக்கிறது. தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப, மணிமேகலை காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொண்டு திரிகிறாள். அந்த உருவத்தில் அமுதசுரபியோடு சிறைக்குள் போகிறாள். பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள். செய்தி சோழ மன்னனுக்குப் போகிறது. அவன் அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்கிறான். சிறைக்கோட்டத்தை அறவோர் கோட்டமாக ஆக்க வேண்டும் என்கிறாள். மன்னன் இசைகிறான்.

வகுப்பில் இந்தக் காதையை நடத்தும்போதெல்லாம் என்னை நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. சோறு போடுவதற்கு முன்னால், நீ என்ன செய்து உள்ளே வந்தாய் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலை அரசனுடையது, அவனுடைய மன்றத்துடையது. அவளுடைய வேலை வேறு. பசி குற்றம் பார்த்து வருவதில்லை. அதனால் அவளும் குற்றம் பார்க்கவில்லை.

அதே மணிமேகலை சில காதைகள் கழித்துச் சிறைப்படுகிறாள். உதயகுமரனைக் கொன்றவன் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன். சிறைப்படுபவள் மணிமேகலை. மகனை இழந்த அரசி அவளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வதைக்கிறாள். பித்தாக்கப் பார்க்கிறாள். ஓர் இளைஞனை அனுப்பிக் கெடுக்கப் பார்க்கிறாள். நோய் என்று சொல்லிப் பட்டினி போட்டு அடைக்கிறாள். ஓர் ஆண் செய்த கொலைக்கு ஒரு பெண்ணை அடைப்பதும், அடைத்த இடத்தில் அவள் உடலே அச்சுறுத்தப்படுவதும் சாத்தனாருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழவும் வேண்டும். கடைசி வரிசை மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “மேடம், பொண்டாட்டிய எரிச்சவனும் உள்ளதான் இருக்கான். சின்னப் பிள்ளைய நாசம் பண்ணினவனும் உள்ளதான் இருக்கான். அவனுக்கெல்லாமா நாம நிக்கணும்? அவங்களுக்குத் தண்டனை வாங்கிக் குடுக்கத்தானே நாம இத்தனை வருஷமா போராடுறோம்?”

எளிதாகக் கடந்துபோகக் கூடாத கேள்வி இது. பெண்ணியம் நீதிமன்றத்தில் தண்டனை கேட்கிறது. சிறை வாசலில் இரக்கம் கேட்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றனவா?

மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது. முதலாவது, துணை நிற்பது வேறு, மன்னிப்பது வேறு. மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தியோடு உயிரிழந்த மற்றவர்களின் குடும்பங்களும் இந்த முப்பது ஆண்டுகள் வாழ்ந்துதான் வந்திருக்கின்றன. அவர்கள் மன்னிக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. அவர்களையும் அற்புதம்மாளையும் எதிரெதிராக நிறுத்தி ஒருவர் பக்கம் சாயவும் அவசியம் இல்லை. இரண்டு துயரங்களுக்கும் இடமளிக்கும் அளவுக்கு நம் மனம் விரிய வேண்டும்.

இரண்டாவது, நீதிமன்றம் விதிப்பது சுதந்திர இழப்பை மட்டும். அடியையோ, நாறும் கழிவறையையோ, மருத்துவம் மறுப்பதையோ, கடிதத்தைத் தடுப்பதையோ எந்தத் தீர்ப்பும் விதிப்பதில்லை. சிறைக்குள் போனாலும் அடிப்படை உரிமைகள் கூடவே வருகின்றன என்பதையும், குடும்பத்தாரின் சந்திப்பு கைதிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் உச்ச நீதிமன்றம் சுனில் பத்ரா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரும் பார்க்காத அதிகாரம் யாருக்கு எதிராகத் திரும்பும் என்பது பெண்களுக்குத் தெரியாததல்ல. 1992இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில், பிடித்து வைக்கப்பட்டிருந்த கணவனைப் பார்க்கப் போன பெண் கூட்டு வல்லுறவுக்கு ஆளானாள். கணவன் காவலிலேயே இறந்தான். அவள் செய்ததெல்லாம் கணவனைப் பார்க்கப் போனது. மாதர் சங்கத்தினர் விடாமல் போராடியதால்தான் அந்த வழக்கு நின்றது. காவலில் இருப்பவனின் உரிமையும் அவனைத் தேடிப் போகும் பெண்ணின் பாதுகாப்பும் ஒரே சுவருக்குள் இருக்கின்றன. ஒன்றை இடித்துவிட்டு மற்றதைக் காக்க முடியாது.

மூன்றாவதுதான் அந்த மாணவியின் கேள்விக்குள் இருக்கும் மெய்யான வலி. எரித்தவனுக்காக யார் நிற்க வேண்டும்? நான் சொல்வேன்: எந்தப் பெண்ணும் கட்டாயமாக நிற்க வேண்டியதில்லை. குறிப்பாக அவன் மனைவி நிற்க வேண்டியதில்லை. அவனுக்கு வக்கீலும் மருத்துவமும் சோறும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. அதை ஒரு பெண்ணின் தாலிக்கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டாம்.

நம் கைதி ஆதரவுப் பேச்சு பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான். காத்திருக்கும் பெண்ணைப் போற்றுகிறோம். மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். தாய்மையின் இலக்கணம், கற்பின் இலக்கணம் என்கிறோம். கோவலன் விசாரணையின்றி வெட்டப்பட்டதும் கண்ணகி அரசவையில் நின்று கேட்டதும் நமக்குப் பெருமை. அவளை ஏமாற்றி மாதவியிடம் போயிருந்த கோவலனுக்காகத்தான் அவள் நின்றாள் என்பதை அந்தப் பெருமைக்குள் மறைத்துவிடுகிறோம். அவள் நின்றது அவள் விருப்பம். நிற்காதவளை நாம் என்ன பெயர் சொல்லி அழைத்திருப்போம்?

சட்டமும் இங்கே சாய்ந்துதான் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் இஸ்லாமியத் திருமண முறிவுச் சட்டப்படி, கணவன் ஏழாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால் மனைவி மணவிலக்குக் கேட்கலாம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் ஏழாண்டுச் சிறை ஒரு காரணம். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணமே இல்லை. ஆயுள் கைதியின் இந்து மனைவி கொடுமை என்றோ கைவிடல் என்றோ வேறு பெயரில்தான் வழக்காட வேண்டும். காத்திருப்பது அவள் இயல்பு என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்களோ என்னவோ.

இந்தக் காத்திருப்பு இயல்பல்ல, பழக்கப்படுத்தப்பட்டது என்பதற்குச் சான்று பெண்கள் சிறையில் இருக்கிறது. இந்தியச் சிறைவாசிகளில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். புழலிலும் வேலூரிலும் திருச்சியிலும் கோவையிலும் மதுரையிலும் பெண்களுக்கான தனிச் சிறைகள் உள்ளன. அந்தப் பெண்களைப் பார்க்க வருபவர் யார்? வந்தால், தாயோ தங்கையோ. குடும்ப மானம் போயிற்று என்று பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே நாளில் கதவைச் சாத்துவது அரிதல்ல. மனைவிக்காக மாதாமாதம் பையோடு வரிசையில் நிற்கும் கணவனைப் பற்றி நம்மிடம் ஏன் ஒரு காவியம் இல்லை? பெண் என்பதைக் கருதி ஜாமீன் தர நீதிமன்றத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஜாமீன்தாரராக வந்து நிற்க ஆள் வேண்டுமே.

நளினியை நினைத்துப் பாருங்கள். அதே வழக்கில் 1991இல் கருவுற்ற நிலையில் கைதானவர். அவருக்காகக் காத்திருக்க வேண்டிய தாயும் சகோதரனுமே அதே வழக்கில் தூக்குத் தண்டனை பெற்று, 1999இல் விடுவிக்கப்பட்டவர்கள். சிறையில் பிறந்த மகள் சிறு வயதிலேயே பிரிந்து வெளிநாட்டில் வளர்ந்தாள். மகளின் திருமண ஏற்பாட்டுக்குப் பரோல் கேட்டு 2019இல் அவரே உயர் நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். 2022 நவம்பரில்தான் விடுதலை. தாயின் காத்திருப்பைப் பாடிய தமிழ்ச் சமூகம், சிறைக்குள்ளிருந்தபடி தன் பிள்ளைக்காகக் காத்திருந்த தாயைப் பற்றி எவ்வளவு பேசியது?

2006இல் உச்ச நீதிமன்றம் சிறைக் குழந்தைகள் பற்றி ஒரு தீர்ப்பளித்தது. ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம், அது கைதியாக நடத்தப்படக் கூடாது, பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என்று குறிக்கக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆறு வயது முடிந்த மறுநாள் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து வெளியே அழைத்துவர யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால் விடுதி.

ஆகவே பெண்ணிய நோக்கில் கைதிகளுக்குத் துணை நிற்பது என்றால், காத்திருப்பவளைப் போற்றுவது போதாது. அவள் சுமையைப் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் விரும்பினால் காத்திருக்கவும், விரும்பாவிட்டால் விலகவும் அவளால் முடிய வேண்டும். யாரும் வராதவளுக்கு யாராவது வர வேண்டும்.

இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1992இல் லாஸ் ஏஞ்சலஸில் தாய்மார் சேர்ந்து, ‘நம் பிள்ளைகளை மீட்கும் அன்னையர்’ என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ரூத் வில்சன் கில்மோர் அவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒருத்தியின் மகனுடைய வழக்கு நாளில் மற்றவர்களும் போய் நீதிமன்றத்தில் உட்கார்ந்தார்கள். வக்கீல் பேசுவதை ஒருவருக்கொருவர் விளக்கினார்கள். ‘என் மகன்’ என்று வந்தவர்கள் ‘நம் பிள்ளைகள்’ என்று பேசத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் குற்றம் செய்தவரும் இருந்தார்கள், செய்யாதவரும் இருந்தார்கள்.

நம்மாலும் முடிகிற வேலைகள்தாம் இவை. காவலில் இருப்பவருக்கும், வருமானம் எதுவாயினும் பெண்ணுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. இது தெரியாமல் கம்மலை அடகு வைக்கும் பெண்ணுக்குச் சொல்ல ஒரு மாணவி போதும். விண்ணப்பம் எழுதித் தரலாம். வாய்தா நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக் கட்டணத்தைச் சிலர் சேர்ந்து கட்டலாம். பெண்கள் சிறை நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகங்கள் கொடுக்கலாம். விடுதலையாகி வெளியே வரும் பெண்ணுக்கு வாடகைக்கு ஒரு அறை பார்த்துக் கொடுக்கலாம். அதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

இவற்றில் எதைச் செய்வதற்கும், உள்ளே இருப்பவர் என்ன செய்தார் என்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதைக் கேட்கவும் தீர்மானிக்கவும் ஊதியம் வாங்கும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. நம்மைக் கேட்டு வருபவள் தீர்ப்பு கேட்டு வரவில்லை. அடுத்த வாய்தாவுக்கு எந்தப் பேருந்தில் போவது, எந்த அறையில் உட்காருவது, பிள்ளையை யாரிடம் விடுவது என்று கேட்டு வருகிறாள். அவளுக்குப் பதில் சொல்ல நமக்குத் தெரியும்.